ஊமைக்கரட்டின் முதுகு

அங்கமுத்து சிரித்தான். அதைத்தான் சின்னாயியால் பொறுக்க முடியவில்லை.

காளியண்ணப் பண்ணாடி பானையை எட்டி உதைத்தபோதுகூட அவளுக்கு இப்படிக் கொதிக்கவில்லை. பண்ணாடி என்றால் உதைப்பார்; தேள் என்றால் கொட்டும். கூடப் பிறந்த அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரிய, "ஆகட்டுங் சாமி" என்று சிரித்தானே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே சோளக்காடுகளின் மத்தியில் தனியாக நிற்கிறது ஊமைக்கரடு என்கிற பாறைக்குன்று. மற்றக் கரடுகளின் முன்னால் நின்று கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடும். இது பதிலே சொல்லாது. அதனால் அந்தப் பெயர். கிழக்குப் பக்கம் படிகள். உச்சியில் கரட்டுச்சாமி கோயிலும், அதையொட்டி எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சுனையும். படிகளை வெட்டிவைத்தவர்கள், ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் பண்ணாடியின் முப்பாட்டன்மார். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த வளவு ஆட்கள் முதல் படியைக்கூடத் தொடக் கூடாது. வளவுக் கிணறு சேறாகிப் போகும் கோடையில் பானைகளைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். மேலிருந்து தண்ணீர் எடுத்து வருகிறவர்களில் மனசிருக்கிறவர்கள் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

அங்கமுத்துவின் பெண்சாதி உண்ணாமலைக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வாய் நனைக்கத் தண்ணீர் இல்லை. அண்ணனும் தங்கையும் காலையிலேயே போய் நின்றார்கள். வெயில் ஏறியதும், மண்பானை சூடேறுகிறதே என்று சின்னாயி அதை முதல் படியின் நிழலோரம் நகர்த்தி வைத்தாள். பானையின் விளிம்பு கல்லில் பட்டது. அவ்வளவுதான்.

பானை உடைந்ததோடு பண்ணாடி விடவில்லை. பின்னால் இரண்டு ஆட்கள் சுனைத் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கொடத்த ரெண்டையும் படி மேல ஊத்துங்கடா. தீட்டாப் போச்சு" என்றார். அங்கமுத்துவைப் பார்த்து, "நீ சீமாறு எடுத்துக் கூட்டி உடு" என்றார்.

இரண்டு குடம் தண்ணீரும் கல்லில் வழிந்து மண்ணுக்குள் போயிற்று. அங்கமுத்து குனிந்து சீமாறால் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சிரிப்பு.

வீடு வந்து சேரும்வரை அவள் அண்ணனோடு பேசவில்லை. பனமட்டை வேய்ந்த கூரைக்குள் உண்ணாமலை உதடு வெடித்துக் கிடந்தாள். யாரோ வாய்க்காலில் இருந்து கொண்டுவந்த கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி அவளுக்குக் கொடுத்துவிட்டு, சின்னாயி கூரையின் விட்டத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கயிறு எங்கெ?"

"எந்தக் கயிறு?"

"தொரை குடுத்துட்டுப் போனானே, அது."

மேட்டூரில் அணை கட்டியபோது அண்ணனும் தங்கையும் அங்கே வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையில் வெடிக்குழி போடுகிறவன். அவளும் அவள் புருஷனும் சாந்துச்சட்டி சுமந்தார்கள். புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அங்கே இருந்த எஞ்சினியர் துரை ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் பாறை ஏறுகிற பித்து. மான் கொம்புக்கும் தேனுக்கும் இல்லை, சும்மா ஏறுவது. ஆணி அடிக்கக் கூடாது, ஏணி சாத்தக் கூடாது; கையும் காலும் இடுப்பில் ஒரு மணிலாக் கயிறும்தான். பாலமலைப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாத பாறைகளாகத் தேடிப் போவான். துணைக்கு அங்கமுத்து. சோற்றுக்கூடை சுமக்கச் சின்னாயி. சில நாள் அவளையும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அந்தத் துரை, பாறையில் இருக்கும்வரை அங்கமுத்துவை ஆளாக மதித்தான். இறங்கியதும் கூடையைத் தூக்கச் சொன்னான். சீமைக்குத் திரும்பும்போது கயிற்றை மட்டும் விட்டுப் போனான்.

"கயிறு எதுக்கு இப்ப?"

"கரட்டு முதுகுல ஏறோணும். நீ முன்னால, நான் பின்னால. சுனையில தண்ணி குடிக்கோணும்."

அங்கமுத்து வெளியே எட்டிப் பார்த்தான். "மெதுவாப் பேசு புள்ள."

"ஏறத் தெரியாதுன்னு சொல்லு, உட்டர்றேன். ஆரும் இல்லாதப்ப நீ அந்தப் பக்கம் போறதும் வாரதும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மைதான். கரட்டின் மேற்கு முகம் செங்குத்தாக இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை. வேலையில்லாத மத்தியானங்களில் அவன் போய்ப் பாதிவரை ஏறி, ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டு இறங்கிவருவான். அது அவனுக்கு மட்டும் சொந்தமான இடம்.

"அது ஆசைக்குப் போறது. சண்டைக்கு ஏறுற எடமில்ல" என்றான்.

"ஆசை உன்றது, சண்டை என்றது. கயிறு ஒண்ணுதானே."

பாயில் கிடந்த உண்ணாமலை கண்ணைத் திறந்தாள். "எனக்கும் கொஞ்சம் கொண்டாங்க" என்றாள். அங்கமுத்து எழுந்தான். விட்டத்தின் மேல் கையை விட்டுக் கயிற்றை இழுத்தான்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் புறப்பட்டார்கள். மேற்கு முகத்தில் உச்சிப்பொழுதுவரை நிழல் இருக்கும். பாறை இரவின் குளிர்ச்சியோடு இருந்தது. ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. சின்னாயி சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டி, சுரைக்குடுக்கையை இடுப்பில் முடிந்துகொண்டாள். அண்ணன் அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தான். அவள் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடியில் சரிவுப் பாறை. உள்ளங்காலைப் பதித்து நிமிர்ந்து நடந்தால் போதும். பயந்து பாறையோடு ஒட்டிக்கொண்டால்தான் வழுக்கும். அதற்குமேல் ஒரு நீண்ட வெடிப்பு. அதற்குள் கையை விட்டு முஷ்டி பிடித்தால் கை ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். அங்கமுத்து ஒரு பிடியில் இருந்து அடுத்த பிடிக்கு அவசரமில்லாமல் போனான். கீழே நின்று அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பண்ணாடி முன்னால் முதுகு வளைந்து நின்றவன் இவனா? இங்கே ராஜா மாதிரி போகிறானே. இந்த நிமிர்வில் கால்பங்கு அங்கே காட்டியிருக்கக் கூடாதா?

வெடிப்பு முடிகிற இடத்தில் இரண்டு பேர் உட்காரலாம் என்கிற அளவுக்கு ஒரு திட்டு. பாறையைப் பிளந்துகொண்டு ஓர் இச்சிமரம் நின்றது. அங்கமுத்து வழக்கமாக வந்து உட்காருகிற இடம். மேற்கே காவேரிக்கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் காய்ந்த செம்மண். அவன் அவளை இச்சிமரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

"கயித்த முதுகுக்குப் பின்னால போட்டுக்க. நான் போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமா உடு. நான் உளுந்தா கையை உட்டறாத."

"தெரியும்" என்றாள். அன்றைக்கு அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

திட்டுக்கு மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. முதுகை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் அழுத்திக்கொண்டு அங்கமுத்து அங்குலம் அங்குலமாக உயர்ந்தான். பாதியில் ஒரு குண்டுக்கல் சந்துக்குள் சிக்கிக்கொண்டு நின்றது. அவன் ஒரு கையால் பிடித்தபடி இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கல்லுக்குப் பின்னால் நுழைத்தெடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டான். திட்டுக்கு மேலே அவன் இதுவரை போனதில்லை.

குண்டுக்கல்லைத் தாண்டி ஓர் ஆள் உயரம் போயிருப்பான். வலது கையில் பிடித்த கல் பெயர்ந்து வந்தது.

அவன் கத்தவில்லை. கல் அவள் தலைக்கு மேலாகப் போய்க் கீழே எங்கோ விழுந்து சிதறியது. கயிறு அவள் உள்ளங்கைகளைச் சீவிக்கொண்டு ஓடியது. அவளை மேலே இழுத்துப் பாறையில் மோதவைத்தது. மரத்தோடு கட்டிய கயிறு விண்ணென்று இறுகியது. அவள் கையை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "போகாதே, போகாதே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே அங்கமுத்து குண்டுக்கல்லில் தொங்கிக்கொண்டிருந்தான்.

மெதுவாக அவனைத் திட்டில் இறக்கினாள். அவனுடைய இடது கணுக்கால் கண்ணெதிரேயே வீங்கியது. அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

"போதும் புள்ள" என்றான். "என்னெக் கயித்துல இறக்கி உடு. மரத்துல கயித்த ரெட்டையாப் போட்டு நீயும் வந்துரலாம். போயிரலாம்."

அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"ஏன் சிரிச்சே?"

"என்ன?"

"அவன் பானைய ஒடச்சான். உன்ற பொண்டாட்டி குடிக்க வேண்டிய தண்ணியக் கல்லு மேல ஊத்துனான். நீ சீமாத்துல கூட்டிட்டுச் சிரிச்சே. ஏன் சிரிச்சே? சொல்லு. சொன்னாத்தான் இறக்கி உடுவேன்."

அவன் முகம் கறுத்தது. சிறுவயதிலிருந்து அவள் பார்த்திராத முகம் அது.

"சிரிக்காம இருந்திருந்தா அந்தச் சீமாத்தாலயே அவன் மூஞ்சியில போட்டிருப்பேன்" என்றான். "போட்டிருந்தா ராத்திரிக்குள்ள வளவு எரிஞ்சிருக்கும். முந்தாநேத்துப் பொறந்ததும் எரிஞ்சிருக்கும். உனக்கு மட்டுந்தான் கோவம் இருக்குதுன்னு நெனச்சியா? நான் இங்கெ வாரது தெரியும்னு சொன்னியே. ஒவ்வொரு தடவ அவன் முன்னால சிரிச்சுட்டு வந்தும் இங்கெதான் வாரேன். இந்தக் கல்லப் புடிச்சுத் தொங்குனாத்தான் என்ற கை நடுங்கறது நிக்கும். ஆசையாம், ஆசை. மசுரு ஆசை."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் தணியவில்லை. ஆனால் இத்தனை நேரம் அண்ணன் மேல் இருந்த கோபம் அவனைத் தாண்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது போல இருந்தது. முந்தானையைக் கிழித்துத் தன் இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள்.

"உன்ற முனைய அவுத்து எனக்குக் கட்டு" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

"கயிறு அந்தக் கல்லுக்குப் பின்னால ஓடிட்டுத்தானே இருக்குது? அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது. அதுக்கு மேல பாத்துக்கலாம். நீ உக்காந்து புடி."

அவன் கட்டினான்.

சந்துக்குள் முதுகை அழுத்தியபோது பாறையின் சொரசொரப்பு ரவிக்கையைக் கிழித்தது. அவள் மெலிந்த உடம்புக்காரி. அண்ணன் திணறிய இடத்தில் அவளால் திரும்பக்கூட முடிந்தது. குண்டுக்கல்லின் மேல் ஏறி நின்றாள். அண்ணன் பிடித்துப் பெயர்ந்த இடம் வெள்ளையாகப் பல் பிடுங்கிய குழி மாதிரி இருந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. இடது பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதைப் பிடித்து, எதிர்ப்பாறையில் காலை உதைத்து, ஏறினாள். சுற்றிய துணிக்குள் கை எரிந்தது. ஒவ்வொரு பிடியையும் பண்ணாடியின் குரல்வளையைப் பிடிப்பது போலப் பிடித்தாள். கீழே பார்க்கவில்லை. சந்து அகன்றது, பாறை சாய்ந்தது, ஒரு கல்லாங்காரை முள்செடி அவள் முகத்தில் உரசியது. உச்சி.

ஒரு பெரிய பாறைக்கொம்பில் தன்னைக் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி உட்கார்ந்து கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். அவன் வர வேண்டியதில்லை. இறக்கிவிடு என்று மறுபடியும் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அவள் இறக்கித்தான் விட்டிருப்பாள். கயிறு தளர்ந்தது. அவன் ஏறத் தொடங்கியிருந்தான். முதுகாலும் முழங்காலாலும் ஒற்றைக் காலாலும் நகர்ந்து, நின்று, நகர்ந்து, அவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஒத்துக்கொடுத்து, கடைசியில் அவனுடைய கை முள்செடிக்கு மேலே தெரிந்தது.

சுனை கோயில் சுவரின் பின்னால் பாசி படிந்த பள்ளத்தில் இருந்தது. சின்னாயி குப்புறப் படுத்து வாயை வைத்துக் குடித்தாள். அங்கமுத்து கையால் அள்ளிக் குடித்தான். அவள் சுரைக்குடுக்கையை முக்கி நிரப்பிக்கொண்டிருந்தபோது பூக்கூடையோடு கோயில் பூசைக்காரப் பண்டாரம் வந்தார்.

"ஆரது?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆளைத் தெரிந்ததும் கூடை கீழே விழுந்தது. "எந்த வழியா வந்தீங்க?"

சின்னாயி மேற்கே கையைக் காட்டினாள். அவர் நம்பவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார்.

"இன்னும் செத்த நேரத்துல வந்துருவாங்க" என்றாள். இருட்டும்வரை ஒளிந்திருக்கலாம் என்று அண்ணன் சொல்லுவான் என எதிர்பார்த்தாள்.

அங்கமுத்து கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டினான். "இந்தக் காலோட முதுகு வழியா எறங்க முடியாது" என்றான். "படியில போலாம்."

அவன் கை அவள் தோளில். ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பாதிப் படியில், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இல்லாத செங்குத்தான இடத்தில், பண்ணாடி எதிரே வந்தார். பின்னால் ஆட்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் தடி.

"எப்படிடா ஏறுனீங்க?"

"படியில ஏறலீங்க. முதுகுல ஏறுனோம்" என்றான் அங்கமுத்து. "என்ற காலு போச்சு. எறங்க வழி உடுங்க."

அவன் சாமி என்று சொல்லவில்லை. அது பண்ணாடிக்கும் கேட்டது, பின்னால் நின்ற ஆட்களுக்கும் கேட்டது.

"பொய் வேற பேசறயா? ராத்திரியே திருட்டுத்தனமாப் படியேறி ஒளிஞ்சிருந்துட்டு" என்று தடியை ஓங்கி இறக்கினார். அடி அங்கமுத்துவின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி விழும் முன்பு சின்னாயி தடியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். துணியில் சிவப்பு ஊறியது. அவர் இழுத்தார். அவள் விடவில்லை.

"இழுங்க" என்றாள். "நல்லா இழுங்க. உளுந்தா எல்லாருந்தான் உருளுவோம். எங்களுக்குப் பழக்கம். காத்தால ஒருக்கா உளுந்து பாத்துட்டுத்தான் வாரோம்."

பண்ணாடி பக்கவாட்டில் ஒரு தரம் பார்த்தார். படிக்குப் பக்கத்தில் பாறை வழுவழுவென்று நேராகக் கீழே போயிற்று. பிறந்ததிலிருந்து அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர், அன்றைக்குத்தான் அதன் ஆழத்தைப் பார்த்தார் போல. கால் கூசிற்று, ஒரு கை தானாகப் படியைத் தேடியது. தடியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பின்னால் நின்ற ஆட்கள் முதலாளி சொல்லட்டும் என்று நின்றார்கள். அவர் இரண்டு கையாலும் படியைப் பற்றிக்கொண்டு குனிந்திருந்தார். அண்ணனும் தங்கையும் அவர்களைத் தாண்டி, கடைசிப் படிவரை மிதித்து, இறங்கிப் போனார்கள்.

உண்ணாமலை அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

பண்ணாடி சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே படியின் அடியில் வேலமுள் வெட்டிப் போட்டுக் காவலுக்கு ஆள் வைத்தார். வளவு ஆட்களுக்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, காட்டு வேலைக்கும் கூப்பிடக் கூடாது என்று கட்டளை. வளவுக்குள்ளேயே அண்ணன் தங்கையை ஏசினார்கள். பழனியம்மாள் என்பவள்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினாள். "உன்ற திமிருக்கு என்ற புள்ளைக நாக்கு வறளோணுமா?" என்று சின்னாயியின் வாசலில் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள். சின்னாயியும் விடவில்லை. "இத்தன நாளா ஊத்துன தண்ணியக் குடிச்சுக் கொழுத்துட்டயா?" என்று பதிலுக்குக் கத்தினாள்.

ஆனால் பண்ணாடி ஓர் இடத்தில் தப்புச் செய்தார். கரட்டு முதுகில் ஒரு பொம்பளை ஏறிவந்தாள் என்று ஒப்புக்கொண்டால் தனக்கு அவமானம் என்று நினைத்தார். இருட்டில் படி வழியாகத்தான் திருடிக்கொண்டு போனார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னார். பண்டாரத்தையும் அப்படியே சொல்லச் சொன்னார். சொன்ன பொய்க்குத் தகுந்தாற்போல் காவலைப் படிக்கு மட்டும் போட்டார். மேற்கு முகத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தன்னைத் திருடி என்று சொன்னதைக் கேட்டுச் சின்னாயி சோறு இறங்காமல் கிடந்தாள். கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. மறுநாள் பொழுது சாயும்போது பழனியம்மாள் வந்தாள். காலையில் ஏசியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நெசமா முதுகு வழியாத்தான் ஏறுனியா?"

"பின்னெ?"

"கயிறு கட்டுனா என்னால ஏற முடியுமா?"

சின்னாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பருத்திக்காட்டில் மூட்டை சுமந்து உரமேறிய தோள். "வாய மூடிட்டு ஏறுனா ஏறலாம்" என்றாள்.

இரண்டு பெண்களும் அடுத்த நாள் கிழக்கு வெளுக்குமுன் மேற்கு முகத்தின் அடியில் நின்றார்கள். காலில் துணி சுற்றிய அங்கமுத்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பழனியம்மாளின் இடுப்பில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தான். பக்கத்தில் தோல்பைகள் கிடந்தன. சுனையில் நிரப்பிக் கயிற்றில் இறக்குவதாகப் பேச்சு. சின்னாயி சரிவுப் பாறையில் ஏறி வெடிப்பின் அடியில் நின்றாள். பழனியம்மாள் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்; கால் வழுக்கியது.

"ஒட்டிக்காத. நிமுந்து நில்லு" என்று மேலிருந்து சின்னாயி எரிந்து விழுந்தாள். "அவன் முன்னால குனிஞ்சது போதும். இங்கயுமா குனியறே?"

பழனியம்மாள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். கால் வழுக்காமல் நின்றது.